வருடம் வெட்டாத கல்லறை

மாலை ஐந்தே முக்கால். ஆள் நடமாட்டமில்லாத மண்பாதை. அதன் கோடியில் முந்நூறு வருடத்துப் பழைய சர்ச். வாசலில் ஒரு கார்... பின்சீட்டில் ஏழு வயதுப் பெண் தூங்குகிறாள். அவளுடைய அப்பன் போனைப் பார்த்துக்கொண்டே இறங்குகிறான்.

அவன் யாரென்று சொல்கிறேன், கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். என்னோடு மருந்துக்கடையில் ஒருத்தி வேலை பார்க்கிறாள், அவளுடைய அக்கா புருஷன். டைல்ஸ் விற்கிறவன். முதுகுக்குப் பின்னால் நாங்கள் வைத்த பெயர் ‘ரெக்கார்டு’.

அவனுக்கு ஒரு பைத்தியம். யாரோ ஒருவர் ஒரு டப்பாவை எங்கேயோ ஒளித்து, இடத்தை எண்களாக நெட்டில் போடுவாராம். போனைப் பார்த்துத் தேடிப் போய், உள்ளே இருக்கும் நோட்டில் பெயரும் தேதியும் எழுதிவிட்டு, டப்பாவை அதே இடத்தில் வைத்துவிட்டு வரவேண்டும். மீசை முளைத்தவர்களின் கண்ணாமூச்சி, வேறென்ன!

ரெக்கார்டு எண்ணூறு டப்பா கண்டுபிடித்தவனாம். கல்யாண வீட்டிலும் இதே பேச்சு, சாவு வீட்டிலும் இதே பேச்சு. போதாதென்று மகள் பெயரையும் அந்த ஆட்டத்தில் சேர்த்துவிட்டான். அவள் காரில் தூங்குவாள். இவன் போய் இரண்டு பெயரையும் எழுதிவிட்டு வருவான். டப்பாவைத் தொட்டவர்தான் எழுதலாம் என்பது விதி. அதெல்லாம் அவனுக்குத் தூசு. ஏழு வயதில் நூறு டப்பா என்று ஊர் மெச்ச வேண்டும். அன்று அவளுக்குத் தொண்ணூற்றொன்பது. பிள்ளை பெயரைக் கண்ட இடத்தில் எழுதாதே என்று அவன் பெண்டாட்டி, அந்த அக்கா, கெஞ்சியிருக்கிறாள். உனக்கென்ன தெரியும் என்று வாயை அடைத்துவிட்டான்.

சர்ச் டப்பாவுக்கு நேரடியாக எண் கிடையாது. மூன்று கல்லறைகளில் பிறந்த வருடம், இறந்த வருடம் பார்த்துக் கூட்டிக் கழித்தால்தான் இடம் தெரியும். இரண்டு கல் கிடைத்துவிட்டது. மூன்றாவது... பாசி படிந்த கல். பிறந்த வருடம் இருக்கிறது. பக்கத்தில் ஒரு கோடு. அதற்கப்புறம் உளியே படவில்லை. மூளை உள்ளவன் வேறு கல்லைத் தேடுவான். இவன் இறந்த வருடத்துக்கு நடப்பு வருடத்தைப் போட்டுக் கணக்கை முடித்துவிட்டான்.

அந்தக் கணக்குப்படி போன் சர்ச்சின் பின்சுவருக்குக் கூட்டிப் போனது. பெயர்ந்திருந்த ஒரு கல். அதற்குப் பின்னால் தகர டப்பா. திறந்ததும் மெழுகுவத்திப் புகை வாசனை... யாரோ அப்போதுதான் ஊதி அணைத்த மாதிரி. உள்ளே ஒரு நோட்டு. பக்கம் பக்கமாகப் பெயர்கள். ஒவ்வொன்றின் மேலும் ஒரு கோடு அடித்திருந்தது. நானாக இருந்தால் அங்கேயே போட்டுவிட்டு ஓடியிருப்பேன். இவனுக்கு எரிச்சல் வந்ததாம், இத்தனை பேர் முந்திவிட்டார்களே என்று.

தன் பெயரை எழுதப் போனான். பேனா எழுதவில்லை. உதறினான்... ஊதினான்... ம்ஹும். சரி, மகள் பெயராவது இருக்கட்டும் என்று வைத்தான். வழுக்கிக்கொண்டு எழுதியதாம். அதையும் பெருமையாகத்தான் சொன்னான், மடையன்.

மூடிய டப்பாவுக்குள் ‘சர்ர்’ என்று ஒரு சத்தம். காகிதத்தில் கோடு இழுக்கிற சத்தம். எலி என்று நினைத்து நடையைக் கட்டினான்.

காரில் மகள் விழித்திருந்தாள். பெயர் சொல்லிக் கூப்பிட்டான். திரும்பவில்லை. தோளைத் தொட்டதும் திரும்பினாள். தூக்கக் கலக்கம் என்று விட்டுவிட்டான். வீட்டுக்கு வந்து நெட்டில் பதிந்தால், டப்பா ஒளித்தவர் எழுதுகிறார்: என் டப்பா சர்ச் மணிக்கூண்டுப் பக்கம் இருக்கிறது, பின்சுவரில் நான் எதையும் வைக்கவில்லை. ரெக்கார்டு அவரோடு சண்டைக்குப் போனான். நூறு என்றால் நூறுதானாம்.

பிள்ளையைக் காது டாக்டரிடம் காட்டினார்கள். காதில் ஒரு குறையும் இல்லை. பாப்பா, கண்ணு, ஏய்... எதற்கும் திரும்புகிறாள். பெயருக்கு மட்டும் இல்லை. அது உன் பெயர்தானே என்று அக்கா கேட்டிருக்கிறாள்.

“இல்லம்மா. அது அவளோடது.”

“எவளோடது?”

பின்னறையைக் கை காட்டியதாம் பிள்ளை. டைல்ஸ் பெட்டிகள் அடுக்கி, வெளியே பூட்டுப் போட்ட அறை.

அன்றோடு அந்த வீட்டில் அந்தப் பெயரைச் சொல்வதை நிறுத்திவிட்டார்கள். நோட்டில் எழுதிய மகள் பெயரை அழிக்க ரெக்கார்டு நாலு தடவை சர்ச்சுக்கு ஓடினான். பின்சுவரில் பெயர்ந்த கல்லே இல்லை. என் எதிரில் உட்கார்ந்து அழுதான். எனக்கு இரக்கமே வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது.

போன வாரம் அக்காவுக்கு நல்ல காய்ச்சல். படுத்தபடியே, தண்ணீர் கேட்டு, மறதியில் பெயர் சொல்லிக் கூப்பிட்டுவிட்டாள். பிள்ளை கட்டிலில் அவள் காலடியில்தான் உட்கார்ந்திருந்தது. வாயைத் திறக்கவில்லை.

பின்னறைக்குள்ளிருந்து அதே பிள்ளையின் குரல்.

“இதோ வரேம்மா.”

பிள்ளை பயப்படவில்லை... கட்டிலில் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்து, பக்கத்தில் ஒரு ஆளுக்கு இடம் விட்டதாம்.