தங்கையின் ஒட்டுயிர்

இந்த அறையின் திரைச்சீலையைத் தைத்தவர் நூலோட்டம் பார்க்காமல் துணியை வெட்டியிருக்கிறார், ஐயா. அதனால்தான் ஒரு பக்கம் இறங்கித் தொங்குகிறது. கால் மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம். ஆனால் இப்போது என் கையில் கத்தரி தரமாட்டீர்கள். சரி, கேட்டதற்குப் பதில் சொல்கிறேன்.

நானும் என் தங்கையும் தையற்கடை வைத்திருந்தோம். முன்னறையில் இரண்டு மெஷினும் ஒரு வெட்டும் மேசையும், பின்னறையில் எங்கள் குடித்தனம். அம்மா போனபோது அவளுக்குப் பதினான்கு வயது. நுரையீரல் அப்போதே பழுது. பதினொரு வருடம் நான்தான் பார்த்துக்கொண்டேன். ஆவி பிடிக்க வைப்பேன், முதுகு நீவிவிடுவேன், மூச்சுத் திணறினால் தோளில் சாய்த்துக்கொண்டே பட்டன் தைப்பேன். எனக்கு ஒரு வரன் வந்தது. நல்ல மனிதர். நானே வேண்டாமென்று சொல்லியனுப்பினேன். அதை அவளிடம் ஒருநாளும் சொல்லிக்காட்டியதில்லை. எப்போதாவது சொல்லியிருப்பேன்.

ஒட்டுயிர்களைப் பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும். வேறொரு கோளிலிருந்து வந்தவை. நம் காற்றில் தனியாக அரை மணி நேரம்கூடத் தாங்காதவை. ஒருவர் கழுத்தடியில் ஒட்டிக்கொண்டால் அவர் ரத்தத்திலிருந்து கொஞ்சம் சர்க்கரையை எடுத்துக்கொள்ளும். பதிலுக்குத் தன் தோலால் காற்றை உறிஞ்சி அந்த ரத்தத்தில் கலக்கும். நுரையீரல் கெட்டவர்களுக்கு ஆஸ்பத்திரியிலேயே பொருத்துகிறார்கள். என் தங்கைக்கும் பொருத்தினார்கள். படிவத்தில் கையெழுத்துப் போட்டது நான்தான்.

பார்க்க அழகாகவே இருந்தது. நனைந்த பட்டுத் துண்டு போல, செம்பு நிறம். ஒரு வாரத்தில் அவள் மாடிப்படி ஏறினாள். ஒரு மாதத்தில் பாடினாள். நான் சந்தோஷப்பட்டேன். அக்கம்பக்கத்தில் கேட்டுப்பாருங்கள், எல்லாரிடமும் சொன்னேன்.

பிறகு மெஷினில் உட்கார்ந்தபடி அவள் தனக்குள் சிரிக்கத் தொடங்கினாள்.

"என்னடி சிரிப்பு?"

"ஒண்ணுமில்லக்கா. நாங்க சும்மா பேசிட்டிருந்தோம்."

அதுவரை அவள் வாயில் வந்ததெல்லாம் 'நாம'தான். நாம சாப்பிடலாமா, நாம கடையை அடைக்கலாமா. அதற்குள் நானும் இருந்தேன். 'நாங்க' என்றால் என் முகத்துக்கு நேரே கதவைச் சாத்தியதுதானே? நாங்க சாப்பிட்டாச்சு. நாங்க கொஞ்சம் நடந்துட்டு வரோம். அதைக் 'கண்ணு' என்று கூப்பிட்டாள். அவளை நான் கூப்பிடும் பெயர் அது.

ஒரு மதியம், துணியிலிருந்து தலையைத் தூக்காமலே சொன்னாள்.

"அக்கா, வேற ஊர் ஆஸ்பத்திரியில கூப்பிட்டிருக்காங்க. புதுசா ஒட்டுயிர் வச்சவங்களுக்குப் பழக்கிவிடற வேலை. தங்க இடமும் தராங்க."

"எப்பப் போகணும்?"

"அடுத்த மாசம். நீ எனக்காக எவ்வளவோ பண்ணிட்ட. இனிமேலாவது உனக்காக வாழுக்கா."

அன்பாகத்தான் சொன்னாள். வேலையை விட்டு நிற்கச் சொல்லும்போது முதலாளிகளும் அன்பாகத்தான் சொல்வார்கள்.

சுண்ணாம்புத் தூள் பட்டால் ஒட்டுயிரின் தோல் துளைகள் அடைத்துக்கொள்ளும் என்று டாக்டர் முதல் நாளே எச்சரித்திருந்தார். எங்கள் தொழிலில் துணியில் கோடு போட சாக்கட்டி இல்லாமல் முடியாது. அதனால் வெட்டுவது என் வேலை, தைப்பது அவள் வேலை என்று பிரித்துக்கொண்டிருந்தோம். அவள் உடுத்துவதை மட்டும் நானே வெட்டி நானே தைப்பேன். ஒட்டுயிருக்கு இடம் விட்டுத் தூக்கிய காலர், அதற்குள் ஒரு வெள்ளை உள்துணி. அவள் போவதாகச் சொன்ன பிறகு, அந்த உள்துணியில் சாக்கட்டியைத் தேய்த்து வைத்துத் தைத்தேன். அதிகமில்லை. கழுத்து அசைய அசைய, கொஞ்சம் கொஞ்சமாக உதிரும் அளவுக்குத்தான். அதைக் கொல்ல நினைக்கவில்லை, ஐயா. தொளதொளவென்று இருக்கும் உடுப்பைக் கொஞ்சம் பிடித்துத் தைப்பதில்லையா? அப்படித்தான் நினைத்தேன்.

ஒட்டுயிரின் நிறம் மங்கியது. அவளுக்கு இருமல் திரும்பியது. பயணம் தள்ளிப்போனது. நான் வெந்நீர் வைத்தேன், முதுகு நீவினேன். அவளும் பழையபடி என் தோளில் சாய்ந்தாள். அந்த மூன்று வாரமும் வீடு மறுபடி வீடாக இருந்தது.

பிறகு ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டியதாயிற்று. ஒட்டுயிர் தேற வேண்டுமென்றால் ஆரோக்கியமான ரத்த உறவு ஒருவர் பத்து நாள் சுமக்க வேண்டும் என்றார் டாக்டர். அதுவரை அவளுக்கு மெஷின் காற்று. அதில் அவள் பன்னிரண்டு நாள் தாங்குவாள், அதற்கு மேல் தாங்கமாட்டாள் என்றும் சொன்னார். புதிய ஒட்டுயிர் கிடைக்க மாதக்கணக்கில் ஆகும்.

"பத்தே பத்து நாள்க்கா. உன்னைத் தவிர யாரையும் நம்பித் தர மாட்டேன்" என்றாள்.

ஒட்டுயிருக்கு வாய் கிடையாது. கழுத்தில் ஒட்டிக்கொண்ட பிறகு, அதன் நினைப்பு நம் நினைப்பைப் போலவே வரும். அதை என் கழுத்துக்கு மாற்றிய முதல் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. காலருக்குள் என்ன இருக்கிறது என்று அதற்குத் தெரியும். அவளிடம் சொல்லியும் இருக்கிறது. "அக்கா பயந்துபோயிருக்கா. அவளாவே நிறுத்திடுவா, கொஞ்சம் பொறுத்துக்கோ" என்று அவள் அதைத் தேற்றியிருக்கிறாள். நான் தைத்துக் கொடுத்த ஒவ்வொன்றையும் தெரிந்தேதான் போட்டுக்கொண்டாள்.

நான் அழுதேனா என்று கேட்பீர்கள். இல்லை. என்னைப் பற்றி அவர்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து பேசி முடிவெடுத்திருக்கிறார்கள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதுதான் மனதில் நின்றது.

பத்தாம் நாள் காலை அது நன்றாகத் தேறியிருந்தது. கடையைப் பூட்டினேன். ஆஸ்பத்திரி போகும் பஸ்ஸை விட்டுவிட்டு எதிர்ப்பக்கம் போகும் பஸ்ஸில் ஏறி, கடைசி ஸ்டாப்பில் இறங்கினேன். ஒரு லாட்ஜில் அறை எடுத்து, போனை அணைத்து வைத்தேன். நீங்கள் வந்து கதவைத் தட்டும்வரை ஐந்து நாள் அங்கேதான் இருந்தேன். நேரத்துக்குச் சாப்பிட்டேன், தூங்கினேன். பன்னிரண்டாம் நாள் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் இருந்தேன். அதை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்.

'அக்கா வந்துட்டே இருப்பா' என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தாளாம். நர்ஸ் உங்களிடம் கண்கலங்கிச் சொன்னாராம். பாவம், அந்த நர்ஸுக்கு என்ன தெரியும்? அவள் காத்திருந்தது எனக்காக இல்லை, ஐயா.

இதை என் கழுத்திலிருந்து பிரித்து வேறு யாருக்காவது பொருத்தலாமா என்று வெளியே பேசிக்கொண்டிருந்தீர்கள். வேண்டாம். இன்னும் அவளைத் தேடிக் கதவுப் பக்கமே திரும்புகிறது, சர்க்கரையும் சரியாக எடுத்துக்கொள்வதில்லை. போகப்போகப் பழகிவிடும். இனி அதற்கு என்னை விட்டால் யார் இருக்கிறார்கள்?