கினுயோ அம்மாள் கனவில் சொன்னது

எனக்கு இனிப்பு ஆகாது, ஐயா. சர்க்கரை இருக்கிறது. ஆனாலும் வயசானவர்கள் வீட்டுக்குப் போனால் தட்டில் வைத்ததைத் தின்றுவிட வேண்டும். தின்னாதவள் கையில் யாரும் பணத்தை நம்பிக் கொடுக்க மாட்டார்கள். பங்கும் கடன்பத்திரமும் விற்கிற கம்பெனியில் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். இந்த சகாத்தா ஊரில் நான் தின்று தீர்த்த பயற்று உருண்டைக்கு அளவே கிடையாது. அதில் பாதி இசோபே கேப்டன் வீட்டில்.

கேப்டன் தோபிஷிமா தீவுக்குப் படகு ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பது தாண்டியும் நெட்டைக் கம்பாக நிற்பார், நக்கல் பேச்சு. மனைவி கினுயோ அம்மாள் போய்ச் சேர்ந்துவிட்டார். வீட்டில் மகள் மாச்சிகோ மட்டும். ஐம்பதை நெருங்குகிற பெண், மனசு மட்டும் ஏழு வயசில் நின்றுவிட்டது. நான் போனால் ஓடி வந்து என் கைப்பையைத் திறந்து பார்ப்பாள். எனக்கு அவளைப் பிடிக்கும். அதை எழுதிக்கொள்ளுங்கள்.

சமூகக் கூடத்தில் பெரியவர்களுக்காக 'வெளிநாட்டு முதலீடு, முதல் பாடம்' என்று நான் ஒரு வகுப்பு எடுத்தேன். இங்கே ஜப்பானில் பேங்கில் போட்டு வைத்தால் வருகிற வட்டியில் ஒரு கிண்ணம் நூடுல்ஸ் வாங்க முடியாது. துருக்கியில் அதே பணத்துக்கு அள்ளிக் கொடுக்கிறார்கள். இதுதான் முதல் பாடம். சும்மா யாரும் அள்ளிக் கொடுப்பதில்லை, அந்த நாட்டு நாணயம் சரியப்போகிறது என்ற பயத்துக்குக் கொடுக்கிற கூலிதான் அந்த வட்டி. அது இரண்டாம் பாடம். இரண்டாம் பாடத்தை நான் எடுக்கவே இல்லை. முதல் பாடம் முடிந்ததுமே எல்லோரும் கையெழுத்துப் போட்டுவிட்டார்கள்.

கேப்டன் மட்டும் போடவில்லை.

"ஏம்மா குவாபாரா, நான் பாக்காத கடலா, பாக்காத துறைமுகமா? தூரத்து ஊருக்காரன் சிரிச்சிக்கிட்டே குடுத்தான்னா நான் என் பைய இறுக்கிப் பிடிச்சுக்குவேன்," என்றார்.

"சரி கேப்டன், உங்களுக்குப் பணம் எதுக்கு, அதச் சொல்லுங்க," என்றேன்.

சிரிப்பு போய்விட்டது. மாச்சிகோவைப் பார்த்தார். "நான் போனப்புறம் இவளுக்கு யாரும்மா இருக்கா? நல்ல விடுதில சேக்கணும். கடைசி வரைக்கும் மாசாமாசம் கட்டணும். அது ஒண்ணுதான் என் கவல."

வீட்டில் எந்த முடிவானாலும் அவர் கினுயோ அம்மாளிடம் கேட்பார். பூஜை அலமாரியில் படம் இருக்கும். முன்னால் சோறு வைத்து, சின்ன மணியைத் தட்டி, விஷயத்தைச் சொல்லிவிட்டு உட்கார்ந்திருப்பார். எங்கள் பக்கத்தில் பல வீடுகளில் இருக்கிற பழக்கம்தான். செத்தவர்கள் பதில் சொல்ல மாட்டார்கள், அதனால் அவர் முடிவும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் போனபோது நான் சொன்னேன்: "கேப்டன், தப்பா நெனக்காதீங்க. நேத்து உங்க வீட்டம்மா என் கனவுல வந்தாங்க. மாச்சிகோ தலைய வாரிவிட்டுக்கிட்டு சிரிச்சாங்க."

கனவு எதுவும் வரவில்லை, ஐயா. அன்று நான் நன்றாகத் தூங்கியிருந்தேன்.

அவர் எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் நின்றார். பிறகு, "என்ன நிறத்துல உடுத்தியிருந்தா?" என்று கேட்டார். நீலம் என்றேன். படத்தில் நீலம்தான். மனுஷன் அழுதுவிட்டார். துருக்கி ஃபண்டில் போடச் சம்மதமும் சொன்னார்.

எண்பது தாண்டியவருக்கு விற்கும்போது குடும்பத்தில் ஒருவர் பக்கத்தில் இருந்து, கையெழுத்துக்குப் பதில் முத்திரை குத்த வேண்டும். எங்கள் கம்பெனி விதி. மாச்சிகோ பக்கத்தில் இருந்தாள். அவளுக்கு முத்திரை குத்துவதென்றால் கொள்ளை ஆசை. சிவப்பு மையில் தொட்டுத் தொட்டு, கேட்ட இடத்திலும் குத்தினாள், கேட்காத இடத்திலும் குத்தினாள். மறுநாள் மேனேஜர் போன் செய்து, ஆபத்து என்ன என்று வாடிக்கையாளர் வாயாலேயே சொல்லக் கேட்பார். அதற்கு என்ன சொல்ல வேண்டும் என்று நான் சொல்லிக் கொடுத்திருந்தேன். கேப்டன் பள்ளிக்கூடப் பையன் மாதிரி மனப்பாடம் பண்ணி ஒப்பித்தார். எல்லாம் விதிப்படி நடந்தது.

மாசம் பிறந்தால் பணம் வந்தது. மூன்றாம் மாதமே கேப்டன் கேட்டார்: "துருக்கிக்காரன் லிரா இறங்குதுன்னு ரேடியோல சொல்றான். எனக்கு மட்டும் எப்படி கொறயாம வருது?"

"அதான் கேப்டன் வெளிநாட்டு வட்டி," என்றேன்.

வட்டி போதாத மாதங்களில் அவர் போட்ட முதலையே பிய்த்து அவருக்கே கொடுப்பார்கள். எங்கள் தொழிலில் இதை ஆக்டோபஸ் பணம் என்போம். பசி வந்தால் அது தன் காலையே தின்னும் என்பார்கள். சட்டப்படி தப்பில்லை. அச்சிட்ட தாளில் பொடி எழுத்தில் போட்டிருக்கிறது. கேப்டன் மாசாமாசம் எனக்கு நன்றி சொல்லி, மகளின் காலை மகளுக்கே ஊட்டிக்கொண்டிருந்தார்.

லிரா ஒரேயடியாக விழுந்த கோடையில் மீதியை விற்றுக் கொடு என்றார். இப்போது விற்றால் நஷ்டம் உறுதியாகிவிடும், விலை இறங்கும்போதுதான் இன்னும் வாங்க வேண்டும் என்று சொல்லி, பேங்கில் இருந்ததையும் போட வைத்தேன். அந்த மாதம் கிளையில் நான்தான் முதலிடம். மறைத்து என்ன ஆகப்போகிறது.

இலையுதிர்காலத்தில் மூன்றில் ஒரு பங்குகூட மிஞ்சவில்லை. கேப்டன் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"வகுப்புக்கு வந்தவங்க எல்லாரையும் திங்கக்கிழம கூட்டி இதச் சொல்லப்போறேன். அவங்களாவது தப்பிக்கட்டும்," என்றார். "அப்புறம் ஒண்ணு கேக்கணும்மா. எனக்கு ஒண்ணு ஆயிட்டா இன்சூரன்ஸ்ல மாச்சிகோவுக்கு எவ்வளவு வரும்?"

அவருக்கு இன்சூரன்ஸ் போட்டதும் நான்தான். தொகையைச் சொன்னேன். கேட்டதற்குப் பதில், அவ்வளவுதான். விபத்தென்றால் இரண்டு பங்கு என்று அவர் கேட்கவில்லை, நானே சொன்னேன். ஒருவர் கையில் என்ன இருக்கிறது என்று அவருக்கு முழுசாகத் தெரிய வேண்டாமா? செருப்பு மாட்டும்போது திரும்பிப் பார்த்து இன்னொன்றும் சொன்னேன்.

"கேப்டன், வீட்டம்மா மறுபடி கனவுல வந்தாங்க. படகுத்துறையில நின்னுக்கிட்டிருந்தாங்க. அவரு வர்றாருன்னு சொன்னாங்க."

"நீலமா?" என்றார்.

"நீலம்தான்," என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை காற்று அடித்தது. மீன்பிடிக்கிறவன் எவனும் இறங்கவில்லை. வெறும் தூண்டிலை எடுத்துக்கொண்டு கேப்டன் மட்டும் தன் சின்னப் படகில் போனார். நாற்பது வருஷம் அந்தக் கடலைப் படித்த மனுஷன். திரும்பி வரவில்லை. விபத்தில் சாவு என்று எழுதினார்கள். திங்கட்கிழமைக் கூட்டம் நடக்கவில்லை. நீங்கள் கேட்பதற்கு முன் நானே சொல்லிவிடுகிறேன்: அவரை நான் கொன்றேன். தள்ளிவிடவில்லை, கையால் தொடவுமில்லை. ஆனால் என்ன சொன்னால் அவர் எழுந்து கடலுக்கு நடப்பார் என்று எனக்குத் தெரியும்.

அதற்குப் பிறகுதான் நிஜமாகவே வர ஆரம்பித்தார் கினுயோ அம்மாள். கனவு என்று சொல்ல முடியாது, நான் முழித்துக்கொண்டுதான் இருப்பேன். நீலத் துணி நனைந்து ஒட்டிக்கிடக்கும். பக்கத்தில் கேப்டன் இருக்கமாட்டார், தனியாகத்தான் வருவார். என் பாய்க்குக் கால்மாட்டில் உட்கார்ந்து இரண்டு கையையும் நீட்டுவார். எனக்குப் பயமாக இருக்கிறது, ஐயா. உண்மையிலேயே பயமாக இருக்கிறது. இந்தப் போலீஸ் ஸ்டேஷனில் நானே வந்து உட்கார்ந்ததற்கு அதுதான் காரணம். மனசாட்சி என்று எழுதிவிடாதீர்கள்.

மாச்சிகோ விடுதியில் இருக்கிறாள். தனக்குப் பின் மகளின் பணத்தைப் பார்த்துக்கொள்ள கேப்டன் என் பெயரைத்தான் முன்பே எழுதி வைத்திருந்தார், நல்ல காலத்தில். இன்சூரன்ஸ் தொகை முழுசாக வந்தது. ஒரு யென்கூட நான் தொடவில்லை. பேங்கில் போட்டால் என்ன வரும்? அதே துருக்கி ஃபண்டில் போட்டேன், விலை மலிவாக இருந்த நேரம். வாங்குகிறவர் இடத்தில் அவளே முத்திரை குத்தினாள். மாசம் பிறந்தால் குறையாமல் பணம் வருகிறது. விடுதிக்குக் கட்டிவிட்டு, அவளுக்குப் பிடித்த பயற்று உருண்டை வாங்கிக்கொண்டு போவேன். அப்பா அனுப்பினார் என்பேன். குனிந்து எனக்கு நன்றி சொல்வாள்.

கினுயோ அம்மாளிடமும் ராத்திரிக்கு ராத்திரி அதையேதான் சொல்கிறேன். "கவலப்படாதீங்கம்மா, உங்க பொண்ண நான் பாத்துக்கறேன்." அதைக் கேட்டதும் அவர் ஏன் அப்படி வாய்விட்டு அழுகிறார் என்றுதான் எனக்கு இன்னும் விளங்கவில்லை.