சின்னவன் குரல் இருந்த டிஸ்க்

மேஜை சுத்தமாக இல்லாவிட்டால் எனக்கு வேலையே ஓடாது. இன்ஸ்பெக்டர் சார், நீங்கள் கேட்ட கேள்விக்கான பதில் அங்கிருந்துதான் தொடங்குகிறது.

விபத்துக்குப் பிறகு என் தம்பி சின்னவனுக்கு அசைவது கண் மட்டும்தான். திரையில் எழுத்துகளை ஒவ்வொன்றாகப் பார்ப்பான். கம்ப்யூட்டர் அதைச் சேர்த்து அவனுடைய பழைய குரலிலேயே பேசும். அந்தக் குரல் மேஜைக்கு அடியில் வயரில் தொங்கும் ஒரு டிஸ்கில் இருந்தது. எல்லாம் நானே பொருத்தியது. கம்ப்யூட்டர் பழுதுபார்ப்பதுதான் என் தொழில். தம்பிக்காகக் கல்யாணம்கூடச் செய்துகொள்ளாதவன் என்று தெருவே என்னைத் தலையில் வைத்துக் கொண்டாடும்.

முதல் தடவை கைதவறித்தான் நடந்தது. தூசி துடைக்கும்போது டிஸ்க் கழன்றுவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும் டிஸ்கைப் பிடுங்கினால் கம்ப்யூட்டர் அப்படியே உறைந்துவிடும். "முதுகு எரியுது, திருப்பிப்" என்பதோடு பேச்சு நின்றது. காலையிலிருந்து அதே பாட்டு. ரொம்ப நாளைக்குப் பிறகு டீயைச் சூடாகக் குடித்தேன்.

அதன்பின் தேவைப்பட்டபோது மட்டும் கழற்றினேன்.

அக்கா பார்க்க வருவாள். அவளைக் கண்டதும் சின்னவன் கண் திரையில் ஓடும்.

"அக்கா, அண்ணன் என்னை" என்றது குரல். என் கை மேஜைக்கு அடியில் இருந்தது.

"என்னடா, பாதியில நின்னுடுச்சு?"

"சிஸ்டம் ஹேங் ஆயிடுச்சுக்கா."

"அண்ணன் என்னைன்னு ஏதோ சொல்ல வந்தானே?"

"நல்லா பாத்துக்கறான்னு சொல்ல வந்திருப்பான். வேற என்ன?"

அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவனுக்கு நீதான்டா அம்மா."

அவள் அவனைக் கூட்டிக்கொண்டு போய்விட்டால் நான் யாருக்காக வீடு திரும்புவது? அந்தப் பயம் எனக்கு நிஜமாகவே இருந்தது. ஒவ்வொரு தடவையும் அவன் அதே சொற்களில்தான் தொடங்கினான். நானும் கழற்றினேன்.

ஒருநாள் டிஸ்க் திறக்கவே இல்லை; அந்தக் குரல் இல்லாமல் எழுத்துத் திரையும் வராது. இப்படிப் பிடுங்கினால் அது கெட்டுப்போகும் என்று தொழில் செய்கிறவனுக்குத் தெரியாதா? நகல் ஒன்று இருந்தது. அதை அழித்ததும் நான்தான். வேறு குரல் போடலாமே என்று அக்கா கேட்டாள். யாரோ ஒருவர் குரலில் அவன் பேசினால் உன்னால் தாங்க முடியுமா என்றேன். அழுதுகொண்டே சரி என்றாள்.

முதுகில் எலும்பு தெரிகிற அளவுக்குப் புண் என்று, இப்போது அவனைச் சேர்த்திருக்கிற ஆஸ்பத்திரி நர்ஸ்தானே உங்களிடம் சொன்னாள்? அவன் சொல்லவில்லையே, எனக்கு எப்படித் தெரியும்?

இன்று காலையும் போய்ப் பார்த்தேன். நர்ஸ் வந்தால் கண்ணை அகலத் திறந்து பார்க்கிறான். நான் பக்கத்தில் போனதும் இறுக மூடிக்கொள்கிறான். பாவம், நான் இருந்தால்தான் அவனுக்கு நிம்மதியாகத் தூக்கம் வருகிறது.