ஒருநாள் முந்தி வந்தவர்

*நாளை பெண் பார்க்க வரவேண்டிய பாய்லின், இன்றே யுன்பு என்னும் கால்வாயூருக்கு வந்து, ஊர் காண வந்த அயலூரான்போலத் தோணி ஏறி, அதனைச் செலுத்தும் முதியவளொடு சொல்லாடியது. சாரல் மழை, ஆளரவம் அடங்கிய நண்பகல்.*

தோணிக்காரி: ...அதுக்குத்தான் சொல்றேன் முதலாளி, நடுவுல உக்காருங்க. போன வாரம் ஒருத்தர் ஓரமா உக்காந்து போட்டோ எடுத்தார். போட்டோவோட உள்ள போயிட்டார்.

பாய்லின்: ரொம்ப ஆழமோ?

தோணிக்காரி: தண்ணி இடுப்பளவு. அவருக்கு வெக்கம்தான் கழுத்தளவு.

பாய்லின்: நான் போட்டோ எடுக்க வரலைம்மா. சும்மா... பார்க்கத்தான்.

தோணிக்காரி: மழையில என்னத்தைப் பார்க்க? பாதிக் கடை சாத்திக் கிடக்கு. சனிக்கிழமை வந்திருந்தா சிவப்பு விளக்கு, பாட்டு, வாடகைப் பட்டுச் சட்டையில பொண்ணுங்க... கல்லுப்படியெல்லாம் மனுஷக் கால்தான் தெரியும்.

பாய்லின்: இப்படி அமைதியா இருக்கறதுதான் பிடிச்சிருக்கு. அந்தப் பாலம் எவ்வளவு பழசு?

தோணிக்காரி: வழிகாட்டிங்க எண்ணூறு வருஷம்னு சொல்லுவாங்க. எங்க மாமனார் காலத்துல அறுநூறுதான். வெளியூர்க் கூட்டம் வர ஆரம்பிச்சதும் பாலத்துக்கு ஒரே வருஷத்துல இருநூறு வயசு கூடிப்போச்சு.

பாய்லின்: மனுஷங்களுக்குத்தான் வயசைக் குறைச்சுச் சொல்லணும்போல.

தோணிக்காரி: பேச்சு நல்லாத்தான் வருது. எந்த ஊரு?

பாய்லின்: தையுவான். வடக்கே. மலையும் நிலக்கரியும்தான், தண்ணியே கிடையாது.

தோணிக்காரி: ஓ... அப்ப தோணி புதுசு.

பாய்லின்: ரொம்பப் புதுசு.

தோணிக்காரி: ம்... தலையைக் குனிங்க. பாலம் வருது.

பாய்லின்: யாரைக் கும்பிடுறீங்க?

தோணிக்காரி: குவான்யின் தாயை. பாலத்தடி மாடத்துல, பாசிக்குப் பின்னாடி... தெரியுதா? போகவர ஒரு வார்த்தை சொல்லிட்டுத்தான் போவேன்.

பாய்லின்: என்ன வேண்டிக்குவீங்க?

தோணிக்காரி: எதையும் கேக்கறதில்ல. குடுத்ததைத் திருப்பி வாங்கிக்காம இரு தாயே, அது போதும்பேன். வாங்கினதே போதும்... சரி, எனக்குச் சோத்து நேரம். இந்தப் படித்துறையில தோணியைக் கட்டறேன். மீன் இருக்கு. நீங்களும் ரெண்டு வாய் சாப்பிடுங்க.

பாய்லின்: உங்க சாப்பாட்டுல...

தோணிக்காரி: ஒருத்திக்குச் செய்யத் தெரியாது எங்க வீட்ல. எப்பவும் ரெண்டு பேருக்குத்தான் ஆக்குவாங்க. உக்காருங்க.

*அவள் பகிர்ந்தளித்த உணவினை அவன் உண்ட முறையே அவன் ஊரினைக் காட்டிக்கொடுத்தது.*

தோணிக்காரி: மேல்பக்கம் தீந்துபோச்சே. மீனைப் புரட்டிப் போட்டுக்குங்க முதலாளி.

பாய்லின்: பரவாயில்ல... நடுமுள்ளை இப்படித் தூக்கிட்டா அடியில இருக்கறது... ஆங், வந்திருச்சு. என்னம்மா அப்படிப் பார்க்கறீங்க?

தோணிக்காரி: தையுவான்ல இப்படித்தான் மீன் திம்பாங்களா?

பாய்லின்: ஆமா... எல்லா ஊர்லயும்...

தோணிக்காரி: தையுவான்காரன் புரட்டுவான். பெய்ஜிங்காரனும் புரட்டுவான். மீனைப் புரட்டினா தோணியும் புரண்டுடும்னு பயப்படறவன் தோணியில பொறந்தவன் மட்டும்தான். யார் பெத்த பிள்ளைப்பா நீ?

பாய்லின்: ...அப்பா தாய்ஹு ஏரியில சரக்குத் தோணி ஓட்டினார். அம்மாவும் கூடவே.

தோணிக்காரி: நெனச்சேன். இனிமே முதலாளி இல்ல, தம்பிதான். மிச்சப் பொய்யையும் கக்கு.

பாய்லின்: மிச்சம் கொஞ்சம்தான். சூஜோவ்ல பேருந்து ஓட்டறேன். நாளைக்கு இந்த ஊர்ல ஒரு வீட்டுக்கு வரணும்... பெண் பார்க்க.

தோணிக்காரி: பிள்ளைக்கா?

பாய்லின்: எனக்குத்தான்.

தோணிக்காரி: இந்த வயசுலயா?

பாய்லின்: நாப்பத்தெட்டுதான் ஆகுது.

தோணிக்காரி: உச்சியில பாதி முடியைக் காணோம், நாப்பத்தெட்டாம். பாலத்துக்குக் கூட்டினதை நீ குறைச்சுக்கிட்டியா?

பாய்லின்: சத்தியமாம்மா. மனைவி தவறி ரொம்ப நாளாச்சு. வீட்ல பேச்சுச் சத்தமே இல்ல. அதான்...

தோணிக்காரி: சரி சரி. யார் வீடு?

பாய்லின்: சுவருக்கு வெளிய கற்பூர மரம் தெரியற வீடுன்னு தரகர் அம்மா சொன்னாங்க. மெய்ஜுவான்னு பேரு.

தோணிக்காரி: மெய்ஜுவானா... அடப் பாவமே.

பாய்லின்: ஏன், தெரியுமா?

தோணிக்காரி: தெரியாம என்ன. அவ படித்துறையில துணி அடிக்கிற சத்தத்துலதான் ஊரே முழிச்சுக்கும். பாலத்தை ஒரு நாள் அவகிட்ட குடுத்தா, எண்ணூறு வருஷ அழுக்கும் போயிடும்.

பாய்லின்: கோபக்காரங்களோ?

தோணிக்காரி: கோபமே வராது. பிடிவாதம். மூணு பேர் வந்து பார்த்துட்டாங்க. நல்ல மனுஷங்க. ஒருத்தருக்குச் சொந்தமா பட்டுக்கடை. மூணு பேரும் தேநீர் குடிச்சதோட எழுந்து போயிட்டாங்க.

பாய்லின்: அப்படி என்ன சொன்னாங்க?

தோணிக்காரி: சொல்லல. கேட்டா. வந்து உக்காந்ததும் ஒரே கேள்விதான். "எங்க மாமியார் எங்க படுப்பாங்க?"

பாய்லின்: மாமியாரா? அவங்களுக்கு யாருமே இல்லன்னுதானே தரகர் சொன்னாங்க.

தோணிக்காரி: அப்படியா சொன்னா... நல்லாத்தான் சொல்லியிருக்கா.

பாய்லின்: அப்ப மாமியார் இருக்காங்க.

தோணிக்காரி: இருக்கா. எமன் இந்தப் பக்கம் வழி மறந்துட்டான்.

பாய்லின்: எப்படிப்பட்டவங்க?

தோணிக்காரி: அதை ஏன் கேக்கற. வாய் நீளம். விடியறதுக்குள்ள இருமி ஊரை எழுப்புவா. சோத்துல உப்பு இல்லன்னாலும் கத்துவா, இருந்தாலும் கத்துவா. மாஜாங் சூதாட உக்காந்தா கட்டையை மாத்துவா.

பாய்லின்: யாரும் கேக்கறதில்லையா?

தோணிக்காரி: கண்டுபிடிச்சாத்தானே கேப்பாங்க. இன்னிக்கு வரைக்கும் ஒருத்தர் கண்ணுலயும் பட்டதில்ல.

பாய்லின்: ஒருத்தர் கண்ணுலயும் படலைன்னா உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?

தோணிக்காரி: ...ஊர்ல பேசிக்கறதுதான். நீ மீனைத் தின்னு.

பாய்லின்: அவங்க மகன்?

தோணிக்காரி: போயிட்டான். தண்ணியில இல்ல, நோயில. கடைசியா அம்மா கையையும் பொண்டாட்டி கையையும் எடுத்து ஒண்ணுமேல ஒண்ணு வச்சான். பேச்சு வரல. அதைக் கட்டளைன்னு எடுத்துக்கிட்டா அந்தப் பொண்ணு. விடிஞ்சாப் போறவன் என்ன நெனச்சு வச்சானோ... யாருக்குத் தெரியும்.

*உண்டபின் தோணி மீண்டும் புறப்பட்டது. வெண்சுவர்களின் நிழல் நீரில் அசைய, கற்பூர மரம் கவிந்த படித்துறை தொலைவில் தோன்றிற்று. அவ்விடத்து அவள் அவனுக்கு ஓர் உபாயம் உரைத்தது.*

தோணிக்காரி: தம்பி, உனக்கு ஒரு யோசனை சொல்றேன். நாளைக்கு அவ அந்தக் கேள்வியைக் கேப்பா. நீ யோசிக்கவே யோசிக்காத. "எங்க வீட்லதான் படுப்பாங்க"ன்னு சட்டுனு சொல்லிடு.

பாய்லின்: சொல்லிட்டு?

தோணிக்காரி: கல்யாணம் முடியட்டும். அப்புறம் கிழவியே வரமாட்டேன்னு சொல்லிடுவா. அதுக்கு நான் பொறுப்பு.

பாய்லின்: அப்ப அது பொய்தானே.

தோணிக்காரி: தையுவான் சொன்ன வாய்க்கு இது ஒரு பாரமா?

பாய்லின்: அது வழியில சொன்னது. இது வாழப்போற வீட்டுக்குள்ள சொல்றது.

தோணிக்காரி: ரொம்பத்தான்... அந்தப் பொண்ணுக்கு இன்னும் பாதி ஆயுசு கிடக்கு தம்பி. கிழவிக்கு என்ன இருக்கு? ஒரு தட்டு, ஒரு பாய். அதுக்காக அவ உக்காந்தே கிடக்கணுமா?

பாய்லின்: என் வீடு நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது.

தோணிக்காரி: அதுக்கென்ன இப்போ?

பாய்லின்: ரெண்டு அறை. ஒண்ணுல மனைவியோட தையல் மிஷினும் பழைய சாமானும் கிடக்கு. ஒதுக்கிடலாம். ஜன்னலைத் திறந்தா கால்வாய் தெரியும். ஆனா அந்தப் படி... அந்த அம்மாவால ஏற முடியுமா?

தோணிக்காரி: ...முட்டி நல்லாத்தான் இருக்கு.

பாய்லின்: இருமல்னு சொன்னீங்க?

தோணிக்காரி: அது கொஞ்சம் கூட்டிச் சொல்லிட்டேன். மழைக்காலத்துல மட்டும்தான்.

பாய்லின்: தண்ணியை விட்டுட்டு இருப்பாங்களா?

தோணிக்காரி: ...இருக்கமாட்டா.

பாய்லின்: எங்கம்மாவும் அப்படித்தான். கரையில குடிவச்சோம். படுக்கை ஆடலைன்னு தூக்கமே வரல அவங்களுக்கு... அப்ப நான்தான் இங்க வரணும். சூஜோவ்லேர்ந்து இந்த ஊர் வரைக்கும் பேருந்து வருது. தடம் மாத்திக் குடுங்கன்னு கேட்டா குடுப்பாங்க. மாமியார் எங்க படுப்பாங்கன்னு அவங்க கேட்டா, "அவங்க படுக்கற இடத்துலயே படுக்கட்டும், நான் எங்க படுக்கறது?"ன்னு நான் திருப்பிக் கேக்கலாமாம்மா? என்னம்மா, துடுப்பை நிறுத்திட்டீங்க? தோணி திரும்புது பாருங்க.

தோணிக்காரி: திரும்பட்டும்... மழை கண்ணுல அடிக்குது.

பாய்லின்: குடுங்க, நான் போடறேன்.

தோணிக்காரி: மெதுவா. துடுப்புல கட்டின கயித்தை விடாத... ம், கை மறக்கல உனக்கு. அந்தப் படித்துறையில கட்டு. ஏ மெய்ஜுவான்... மெய்ஜுவான். துணியை அப்புறம் அடிக்கலாம். உள்ள போய் அடுப்புல தண்ணி வை. சக்கரை போட்டு மூணு முட்டை உடைச்சு விடு.

பாய்லின்: அம்மா, அது வேண்டாம்.

தோணிக்காரி: ஏன், முட்டை ஆகாதா?

பாய்லின்: ஆகும். ஆனா சக்கரைத் தண்ணியில முட்டையை வழிப்போக்கனுக்கு வைக்கமாட்டாங்க. பெண்ணோட அம்மா, வந்த மாப்பிள்ளையைப் பிடிச்சுப்போனா வைக்கறது அது.

தோணிக்காரி: இங்கயும் அதே வழக்கம்தான். பிடிக்கலைன்னா வெறும் தேநீர். இந்த வீட்ல மூணு தடவையும் தேநீரோட முடிஞ்சுபோச்சு.

பாய்லின்: அப்ப முட்டை வைக்கிற அம்மா...

தோணிக்காரி: பெத்தவ அவ சின்னப் பிள்ளையா இருக்கும்போதே போய்ச் சேந்துட்டா. அம்மான்னு இருக்கறது ஒரு மாமியார்தான். வாய் நீளம், மழைக்கு இருமுவா, மாஜாங்ல ஏமாத்துவா. யாருமே இல்லன்னு சொல்லுன்னு தரகர்கிட்ட சொன்னவளும் அவதான். நாளைக்குக் காலையிலயே தோணியை எடுத்துக்கிட்டு எங்கயாவது போயிடலாம்னு இருந்தா... என்ன சிரிப்பு? எப்பக் கண்டுபிடிச்ச? மாஜாங்லயா?

பாய்லின்: தோணி ஏறும்போதேம்மா. தரகர் குடுத்த போட்டோவுல பக்கத்துல இருந்தவங்களைக் கத்தரிச்சு எடுத்திருந்தாங்க. மெய்ஜுவான் தோள்மேல ஒரு கை மட்டும் மிச்சம் இருந்துச்சு. எங்கம்மா கை மாதிரியே, துடுப்புக் கயிறு இழுத்து இழுத்துச் சுண்டுவிரல் வளைஞ்ச கை. பெண்ணைத்தான் நாளைக்குப் பார்க்கப் போறோமே, யாருமே இல்லாதவங்க தோள்ல இருக்கற அந்தக் கை யாரோடதுன்னு பார்க்கத்தான் ஒருநாள் முந்தி வந்தேன்.