ஓடத்துறைத் தெருவுக்குத் தொண்ணூத்தி நாலு

— எப்பா ஜெய்சன், தெரியாமத்தான் கேக்கேன், ஓடத்துறைத் தெரு இப்ப எங்க இருக்கு?

— ஆத்தங்கரையில இருந்துச்சு, அனுராதா மேடம்.

— இருந்துச்சு! உன் வாயாலயே சொல்லுத. வெள்ளத்துக்குப் பொறவு தெருவ மொத்தமா இடிச்சுத் தள்ளியாச்சு. இப்ப அங்கன எருமைதான் மேயுது. அந்தத் தெருவுக்கு நீ தொண்ணூத்தி நாலு மார்க் போட்டு அனுப்பியிருக்க. யாரு பதில் சொன்னா, எருமையா?

— அந்தத் தெருச் சனங்கதான் சொன்னாவ.

— இந்த சர்வே என்னத்துக்குன்னாவது உனக்குத் தெரியுமா?

— டவுணு, பாளை, மேலப்பாளையம், தச்சநல்லூருன்னு ஏரியா ஏரியாவாப் போயி, சனங்க ஒருத்தருக்கொருத்தரு ஒத்தாசையா இருக்காவளா, ஒட்டி வாழுதாவளான்னு அளக்கணும். அதுக்கு மார்க் போடணும். சமூக நிலைத்தன்மை. சவம், தூக்கத்துலயும் இதான் வாயில வருது மேடம்.

— ஊருலயே முதல் மார்க் வாங்குனது இடிச்ச தெருன்னு நான் ரிப்போர்ட் அனுப்புனா, என்னைய என்ன நெனைப்பாங்க? சாயங்காலம் அனுப்பியாகணும். டீக்கடையில உக்காந்து நீயா அடிச்சு விட்டதுதான இது? உண்மையச் சொல்லிரு, வேலையவாவது மிச்சம் வைக்கேன்.

— மேடம், இந்த வெயில்ல ஒவ்வொரு ப்ளாக்கா மாடி ஏறி எறங்குனவன் நான். டீக்கடைன்னு மட்டும் சொல்லாதீங்க.

— எந்த ப்ளாக்கு?

— அந்தச் சனங்களக் குடிவச்ச அடுக்குமாடி. குலுக்கல் போட்டு ஊருல மூலைக்கு ஒருத்தராப் பிச்சுப் போட்டாச்சுல்லா. ஒவ்வொரு வீடாத் தேடிப் போய்க் கேட்டேன். 'உங்க தெருவுல'ன்னு கேள்வி ஆரம்பிக்கு. எந்தத் தெருன்னா, ஒருத்தர் பாக்கியில்லாம ஓடத்துறைங்காவ. பக்கத்து வீட்டுக்காரவிய பேரக் கேட்டா, பழைய பக்கத்து வீட்டச் சொல்லுதாவ. நான் என்ன செய்ய?

— என்ன செய்யவா? அவங்க இப்ப இருக்க ப்ளாக்குல கொண்டு போயிப் போடணும். இது ஒரு பெரிய வித்தையா?

— போட மாட்டேன் மேடம்.

— என்னது?

— அங்க போட்டா ப்ளாக்குக்குத் தொண்ணூத்தி நாலு வந்துரும். போன மீட்டிங்ல நீங்கதான சொன்னீங்க? ப்ளாக்கு நல்ல மார்க் வாங்குனா, அடுத்து வண்டிப்பேட்டைத் தெருவையும் காலி பண்ணி, இதே மாதிரி குலுக்கல் போட்டு அனுப்பிருவாவன்னு. குடி மாறுன சனம் சந்தோசமா இருக்குன்னு நம்ம ரிப்போர்ட்டத்தான காட்டுவாவ?

— அப்ப அடுத்த வெள்ளத்துல அந்தத் தெரு அடிச்சுட்டுப் போகட்டும்ங்கியா?

— நான் அப்படியா சொன்னேன்? கூட்டிட்டுப் போகட்டும். ஒரு தெருவ ஒரே எடத்துல குடிவச்சா யாருக்கு என்ன கொறஞ்சு போச்சு? அதுக்கும் குலுக்கலா? சவம், லாட்டரிச் சீட்டா அது?

— நல்லா வக்கணையாப் பேசுத. ஆனா நான் நம்பணும்லா? ஒரு வீட்டுக்கு நானே போன் போடுதேன். இந்தா, முதல் பேரு, சாலோமி.

— மேடம், அந்தக்கா வேண்டாம். வேற யாருக்காவது போடுங்க.

— ஆங், மாட்டிக்கிட்டியா? அந்தக்காவுக்குத்தான் போடுவேன். ஸ்பீக்கர்ல வைக்கேன். நீ மூச்சு விடக் கூடாது.

— ஸ்தோத்திரம். யாரு பேசுதது?

— சாலோமி அக்காவா? சர்வே ஆபீஸ்ல இருந்து அனுராதா பேசுதேன்.

— மோட்டர் விசயமாம்மா? மனு குடுத்துக் குடுத்துக் கை ஓஞ்சு போச்சு. மேல் மாடிக்குத் தண்ணி ஏறவே மாட்டக்கு. கொடத்தத் தூக்கி என் இடுப்பே போச்சு, கேட்டியா.

— அது வேற ஆபீஸ்க்கா. ஜெய்சன்னு ஒரு தம்பி உங்க வீட்டுக்கு வந்தாரா?

— வந்தானே. நல்ல பிள்ளை. கடைசிக் கேள்வி கேட்ட பொறவு, போட்டு வச்ச காப்பியத் தொடாம எந்திச்சுப் போயிட்டான். ஆறிப் போச்சு, நான்தான் குடிச்சேன்.

— சரிக்கா, அதே கேள்விய நான் ஒருக்கா கேக்கேன். உங்க பக்கத்து வீட்டுக்காரங்க பேரு?

— இந்தப் பக்கம் டார்லின். அந்தப் பக்கம் நேசையா அண்ணன். ஆட்டோ ஓட்டுதாவ.

— அவரு உங்க ப்ளாக்குல எத்தனாவது மாடி?

— நம்ம ப்ளாக்குல எங்க இருக்காவ? குலுக்கல்ல அவியளுக்கு மேலப்பாளையத்துக்கு அங்கிட்டு விழுந்துச்சு. நமக்குத் தச்சநல்லூருக்கு இங்கிட்டு. பஸ் மாறித்தான் போவணும்.

— அய்யோ அக்கா! ஊருக்கு அந்தக் கடைசியில இருக்கவரு எப்படிக்கா பக்கத்து வீடு?

— நீ கேட்டத நான் சொன்னேன். இதுக்கு எதுக்கும்மா கத்துத?

— கத்தலக்கா. சரி, ஒரு அவசரம்னா யாரக் கூப்பிடுவீங்க?

— நேசையா அண்ணனத்தான்.

— கூப்பிட்டா வருவாரா?

— வந்தாவளே.

— போதும்க்கா. கேட்டியா ஜெய்சன்? நம்பிக்கைக்கு முழு மார்க், ஒத்தாசைக்கு முழு மார்க். நீ பொய்க்கணக்கு எழுதல, ஒத்துக்கிடுதேன். இதுல நீ பயப்பட என்ன இருக்கு? இந்தா, ப்ளாக்குக்கு மாத்துதேன்.

— நேசையா அண்ணாச்சி எப்ப வந்தாருன்னு கேளுங்க மேடம்.

— சர்வே ஆப்ல அதுக்குக் கட்டம் இல்ல.

— கட்டம் இல்லன்னா என்ன? கேளுங்க.

— உன்னோட பெரிய ரோதனை! அக்கா, லைன்ல இருக்கீங்களா? நேசையா எப்பக்கா வந்தாரு?

— ஈஸ்டருக்கு முந்தி, லெந்து நாள்லம்மா. மத்தியானம் சாப்பிட்டுக் கை கழுவப் போனாவ எங்க வீட்டுக்காரவிய. நெஞ்சப் பிடிச்சுட்டு அப்படியே உக்காந்துட்டாவ. ஆம்புலன்ஸுக்குச் சொல்லணும்னு எனக்குத் தோணவே இல்ல, கேட்டியா. எங்க தெருவுல பிரசவமா, காய்ச்சலா, கை ஒடிஞ்சுதா, நேசையா அண்ணன் ஆட்டோதான். நம்ம வாசல்லதான நிக்கும். அந்தப் பழக்கத்துல அண்ணனுக்குப் போனப் போட்டுட்டேன். அவியளும் சோத்துக் கையோட கெளம்பிட்டாவ. பாலத்துல ஒரே வண்டி நெரிசல். என்ன செய்வாவ, பாவம்? வந்தாவம்மா. கல்லறைக்குப் பெட்டியத் தூக்கும்போது முன்னால நின்னது அவியதான்.

— அக்கா... எனக்குத் தெரியாதுக்கா.

— உனக்கு எப்படிம்மா தெரியும்?

— அந்த ப்ளாக்குலயே ஒரு கதவத் தட்டியிருக்கலாம்லாக்கா?

— தட்டாம இருப்பேனா? எதுத்த கதவ அடிச்சேன், கை வலிக்க அடிச்சேன். உள்ள இருந்தே யாருன்னு கேட்டாவ. சாலோமின்னேன். எந்தச் சாலோமின்னாவ.