அஞ்சு பேருக்கும் ஒரே செவ்வாக்கிழமை

...ஒருங்கிணைப்பாம்! அந்த வார்த்தையச் சொல்லி முடிக்கிறதுக்குள்ள எனக்கே மூச்சு வாங்குது, உள்ள ஆக்ஸிஜன் வெச்சுக்கிட்டுக் கெடக்குறவளுக்கு எப்படிம்மா தாங்கும்? உக்காரு. அந்த நாற்காலி வேணாம், அது ஆடும். ஆங்... அந்த ரூம் கதவச் சாத்தாதே, தொறந்தே கெடக்கட்டும். என் வீட்டுக்காரி காதுலயும் விழட்டுமே. பேச்சுதான் போச்சு அவளுக்கு, காதெல்லாம் பாம்புக் காது.

என்ன கேட்ட? வீட்டுக்கே வந்து பாக்குற சேவை எப்படின்னா? மதிப்பிட வந்த மகராசி, நல்லா மதிப்பிடு! பக்கவாதம், நுரையீரல், சிறுநீரகம், சர்க்கரைன்னு இவ ஒருத்திக்கு அஞ்சு பேரு. டாக்டர், நர்ஸம்மா, கை கால நீட்டி மடக்குற பிசியோதெரபி தம்பி, குழாய்ச் சாப்பாட்டுக்கு அளவு சொல்ற பொண்ணு, ஆக்ஸிஜன் மெஷின்காரர். இவங்கள ஒண்ணாக் கட்டி மேய்க்க உங்க ஆபீசுல ஒரு அம்மா. நான் அந்தம்மாவுக்கு வெச்ச பேரு கட்டுக்கயிறு.

படம் வேற வரைஞ்சு அனுப்பிச்சாங்க. நடுவுல நோயாளின்னு ஒரு வட்டம், சுத்தி அஞ்சு வட்டம், அங்கேருந்து இங்க அம்பு, இங்கேருந்து அங்க அம்பு... போர்க்களமாட்டம். நடுவுல இருந்த வட்டம்தான் எல்லாத்துலயும் சின்னது! நானும் கண்ணாடியப் போட்டுக்கிட்டு என்னைத் தேடினேன். ஒரு புள்ளி? ம்ஹூம்.

செவ்வாக்கிழமை அஞ்சு பேரும் சேந்து வரணும்னு ஏற்பாடு. மொதல் செவ்வாக்கிழமை வந்தாங்க, இல்லேங்கல. டாக்டரும் மெஷின்காரரும் போட்ட வாக்குவாதத்துல ரூம்ல இருந்த காத்தெல்லாம் அவங்க ரெண்டு பேரு வாயிலயே போயிடுச்சு. மெஷின் செவப்பு லைட்டப் போட்டுக்கிட்டு, 'ஐயா, எனக்கும் கொஞ்சம் விட்டு வைங்க'ன்னு கத்துச்சு. ஒரு மணி நேரம்... எல்லாரும் போயாச்சு.

அப்புறம்? கட்டு அவுந்துபோச்சு! நர்ஸம்மா திங்கக்கிழமை, தம்பி புதன்கிழமை, அந்தப் பொண்ணு வெள்ளிக்கிழமை, மெஷின்காரர் சனிக்கிழமை. டாக்டர் மட்டும் செவ்வாக்கிழமை வந்து, 'மத்தவங்க எங்கய்யா?'ன்னு என்னைக் கேக்குறார். நான் என்ன, மடியில கட்டியா வெச்சிருக்கேன்? தம்பி வந்தா தலை ஜன்னல் பக்கம் வேணும்னு கட்டிலத் திருப்புறான். நர்ஸம்மா வந்தா செவுத்துப் பக்கம்தான்னு திருப்புறா. கட்டில் சுத்திக்கிட்டே கெடக்கு தாயே! நான் கடிகாரம் பாக்குறதையே விட்டுட்டேன். இவ காலு எந்தப் பக்கம் நீட்டியிருக்குன்னு பாத்து மணி சொல்லிடுவேன்.

எழுதிக்கிறியா? எழுது, எழுது! 'கட்டில் சுற்றுகிறது'... ஆங், அப்படித்தான்.

என்னது?... வார்டா?

வீட்டுல இவ்வளவு குழப்பம்னா பெரியம்மாவ ஆஸ்பத்திரி வார்டுலயே வெச்சுக்கலாம்னு எழுதப்போறியா? இரு, இரு, இரு. மொதல்ல பேனாவ மூடு. கட்டில் சுத்துதுன்னா சொன்னேன்? அது சக்கரமே இல்லாத கட்டில்மா, நாலு காலும் நட்டு வெச்ச மரமாட்டம் நிக்கும், வேணா போய்த் தள்ளிப் பாரு! நர்ஸம்மாவா, தங்கம். தம்பியா, தங்கக்கட்டி. கட்டுக்கயிறா... சேச்சே, பட்டுக்கயிறுன்னு மாத்திக்கோ.

நம்ப மாட்டேங்குற. நுணலும் தன் வாயால் கெடும்னு சும்மாவா சொன்னாங்க.

சரி, கேளு. ஒரு கெழவன் இருந்தான்னு வெச்சுக்கோ. கல்யாணம் ஆன நாள்லேருந்து அவன் விட்ட புளுகெல்லாம் பொண்டாட்டிக்கு மனப்பாடம். அவன் வாயத் தொறந்தா அவ கண்ண மூடிக்குவா. ஆனா புதுசா ஒரு ஆளு வந்து, அந்தப் புளுக அப்படியே நம்பி வாயப் பொளந்தாங்கன்னு வெய்யி... அப்பத்தான் அவளோட அசையிற அந்த ஒத்தத் தோளு சிரிப்புல குலுங்கும். அஞ்சு பேரும் ஒரே நாள்ல வந்து ஒரே மூச்சுல போயிட்டா, மிச்ச நாளெல்லாம் அந்தத் தோள யாரு குலுக்குறது? கெழவன் ஃபோனை எடுத்தான். நர்ஸம்மாகிட்ட, 'டாக்டர் உங்களத் திங்கக்கிழமை வரச் சொன்னார்'னான். தம்பிகிட்ட, 'நர்ஸம்மா உன்னப் புதன்கிழமை வரச் சொன்னாங்க'ன்னான். கயித்த அறுத்தது அவங்க இல்லம்மா. இதோ, எனக்கு மிச்சமிருக்குற இந்த நாலு பல்லுதான்.

என்ன அப்படிப் பாக்குற? இதுவும் புளுகான்னா? அந்தா, கதவு வழியா எட்டிப் பாரு. கட்டில் கதைய நீ மெனக்கெட்டு எழுதினியே, அப்ப ஆரம்பிச்ச குலுக்கல், இன்னும் நிக்கல. ஏய், மெதுவாடி! குழாய் கழண்டுடப் போகுது!

எந்திரிச்சிட்டியா? அதுக்குள்ளயா? வார்டு பேச்ச அடிச்சிட்டியா? காட்டு... ஆங், நல்லாருப்ப. அப்ப அடுத்து எப்ப வருவ? குறை ஒண்ணும் இல்லாத வீட்டுக்கு மறுபடி வர மாட்டீங்களா? அது என்னம்மா நியாயம்?

இந்தா, பேனாவத் தொற. வார்டுக்கு அனுப்புற அளவுக்கு வேணாம் தாயே... நீ இன்னொரு தடவை வர்ற அளவுக்கு மட்டும் ஒரு சின்னக் குறையா எழுதிக்கோ.

வியாழக்கிழமை எங்களுக்குக் காலியாத்தான் கெடக்கு.