தேதி வராத தேர்தலுக்கு ஒரு ராஜினாமா

"தேதியே சொல்லாத எலெக்‌ஷனுக்கு யாராவது வேலைய விடுவாகளா, மதினி?"

புளியறையிலிருந்து தென்காசி வழியாகக் குற்றாலம் போகும் பஸ்ஸில் எனக்கு முன்சீட்டில் இரண்டு பெண்கள். கேட்டவள் இளையவள். மற்றவள் அவளுடைய அண்ணன் மனைவி, அங்கன்வாடி டீச்சர். ராஜினாமாக் கடிதத்தை மடியில் இறுகப் பிடித்திருந்தாள்.

"தேதி சொன்னா மனுப் போட ஒரு வாரந்தான் தருவாங்க. ராஜினாமாவ ஏத்துக்கிட ஒரு மாசம் ஆவும். வேலையில இருந்துக்கிட்டு பஞ்சாயத்துத் தலைவருக்கு நிக்க முடியாதுல்லா."

"வார்டு பிரிச்சு, தலைவர் பதவிய நமக்கில்லாத ரிசர்வ்ல கொண்டு போயிட்டா? நிக்கவும் முடியாது, வேலையும் போயிரும்."



"பழைய தலைவர் காலம் முடிஞ்சதுலேருந்து குழாய் உடைஞ்சு கெடக்கு. பிள்ளையளுக்கு நாந்தான் குடத்துல தண்ணி சுமக்கேன். ஆபீசர்ட்ட போய்க் கேட்டா, தேர்தல் வரட்டும்ங்காரு."

"அண்ணன்ட்ட சொல்லிட்டியளா?"

"இல்ல."

தென்காசியில், ஆபீஸ் ஸ்டாப்பில் பஸ் நின்றது. டீச்சர் எழுந்தாள். இளையவள் அவள் கையைப் பிடித்தாள்.

"அண்ணன் கேட்டா நான் என்ன சொல்ல?"

"ஒனக்கு ஒண்ணும் தெரியாதுன்னு சொல்லு. நீ குத்தாலம் போ."

டீச்சர் இறங்கிவிட்டாள். கண்டக்டர் விசிலை வாயில் வைத்தார்.

"இருங்க," என்று இளையவள் எழுந்தாள். "மதினி, அண்ணன்ட்ட நானும் கூட வந்தேன்னே சொல்லுதேன்."